பழைய ஸ்டோம் டர்போ: பிரித்துக் கட்டுவதா, புதுசு போடுவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் ஓடும் மிட்சுபிஷி ஸ்டோம் பிக்கப் பலவும் உர மூட்டையும் செம்பனைக் குலையும் சுமந்தே வயதானவை. என்னுடையதும் அப்படித்தான்: 4டி56 டீசல் இஞ்சின், அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டிடி04 டர்போ. மேட்டில் இழுவை குறைந்து நீலப் புகை கக்கினால் மூன்று வழி உண்டு. இருப்பதைப் பிரித்துப் புது புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்), சீல் போடலாம். புது டர்போ வாங்கலாம். ஹாப் கட் கடையில், அதாவது வெட்டி இறக்கிய பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடையில், ஜப்பான் பழசு தேடலாம். நான் பிரித்துக் கட்டினேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன், ஒரு நிபந்தனையோடு.

ஹாப் கட் மலிவுதான். ஆனால் அதுவும் உங்களுடையதைப் போலக் கிழடு. முந்தைய வண்டியில் எண்ணெய் ஒழுங்காக மாற்றினார்களா என்பது யாருக்குத் தெரியும்? அவசரத்துக்குச் சரி.

புது ஒரிஜினலைக் குறை சொல்ல எதுவும் இல்லை, விலையைத் தவிர. இருபது வயது வண்டியில் அவ்வளவு காசு போட்டால் விற்கும்போது ஒரு வெள்ளிகூடக் கூடுதலாக வராது. அதனால்தான் பலர் ‘புதுசு’ என்று பெயர் தெரியாத காப்பிச் சரக்கை வாங்குகிறார்கள். அதைவிட, இத்தனை வருடம் சூட்டைத் தாங்கிய பழைய வார்ப்புக் கூட்டை நான் நம்புவேன். அதில் வெடிப்பு இல்லையென்றால், தேய்ந்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் புஷ்ஷும், ஷாஃப்ட் உள்ளே வெளியே நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங்கும்தான்.

நிபந்தனை என்றேனே, அது பேலன்சிங்: சுழலும் பாகத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமா என்று பார்ப்பது. ‘பிரித்துக் கட்டினேன், சீக்கிரமே போய்விட்டது’ என்பவரிடம் எங்கே பேலன்ஸ் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். புஷ், சீல் அடங்கிய கிட்டை வாங்கி மேசை மேலேயே மாட்டியிருப்பார்கள். டர்போவின் இரண்டு இறக்கைச் சக்கரங்களையும் இணைக்கும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் போகும். மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி வெறும் 0.1 கிராம் கூடுதலாக இருந்தால், 1,20,000 சுற்றில் அது 30 கிலோவுக்கு மேல் ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கும். புஷ்ஷுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருப்பதோ மெல்லிய எண்ணெய்ப் படலம். அது எவ்வளவு நேரம் தாங்கும்? ஆகவே சக்கரங்களைத் தனியாகவும், பூட்டிய ‘கோர்’ எனும் உள்பகுதியை முழுசாகவும் மெஷினில் சுற்றிப் பார்த்து, கூடுதல் எடையை இம்மி இம்மியாக அரைத்து எடுக்க வேண்டும். என் ஃபோர்மேனிடம் (மெக்கானிக்) அந்த மெஷின் இல்லை. கழற்றியதை ஈப்போவுக்குக் கொடுத்தனுப்பினோம். பேலன்ஸ் அளவைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

சக்கரத்தின் இறக்கை கூட்டில் உரசியிருந்தாலோ, ஷாஃப்டில் கோடு விழுந்திருந்தாலோ வெறும் கிட் போதாது. பேலன்ஸ் செய்தே வரும் கோர் ஒன்றை வாங்கிப் பழைய கூட்டில் பூட்டலாம். ஷாஃப்டைக் கையில் ஆட்டும்போது மேலும் கீழும் கொஞ்சம் அசைந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே வெளியே நன்றாக நகர்ந்தால்தான் கவலை.

நான் கட்டியதற்கு இன்னும் அதிக வயதாகவில்லை. புது ஒரிஜினல் அளவுக்கு உழைக்குமா என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன். வேன் எனும் சிறு தகடுகள் உள்ளே அசைந்து புகையின் வேகத்தை மாற்றும் புதிய வகை டர்போக்களில் எனக்குக் கைப்பழக்கமும் இல்லை. அந்தத் தகடுகளில் கரி ஏறி ஒட்டிக்கொள்வது தனித் தொல்லை. அவற்றுக்கு என் கணக்கை அப்படியே போட வேண்டாம்.

எதைப் போட்டாலும் எண்ணெய் வரும் குழாயைப் புதிதாக வாங்கிவிடுங்கள். உள்ளே கரி அடைத்த குழாய், எவ்வளவு நல்ல டர்போவையும் கொன்றுவிடும். தோட்டத்துச் செம்மண் புழுதி ஏறிய ஏர் ஃபில்டரும் அப்படியே. காற்று போதாதபோது டர்போ சீல் வழியே எண்ணெயை உறிஞ்சும். மாட்டியதும் எண்ணெய்த் துளையில் கொஞ்சம் ஊற்றுங்கள். அப்புறம் இஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி டீசல் பம்பின் சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகே வயரை மாட்டி இஞ்சினை ஓடவிடுங்கள்.