அதிகாலை ஆட்டமா, இரவுப் படமா?

வேலைக்கும் போய்க்கொண்டு கூடைப்பந்தின் மேலும் பித்துக்கொண்டிருக்கும் ஒருவர், ஒரு நாளில் இரண்டரை மணி நேரத்தைத்தான் அதற்கென எடுத்துவைக்க முடியும். அந்த நேரத்தை விடியற்காலையில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் நேரலைக்குக் கொடுப்பதா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூடைப்பந்துப் படத்துக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு நான் நேரலையின் பக்கம் போய்விட்டேன். ஆகவே கீழே வருவது நடுநிலையான தீர்ப்பாக இருக்காது.

பணக்கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் சந்தா கட்டத்தான் வேண்டும். வீட்டாரோடு சேர்ந்து பார்ப்பதற்குப் படம் நல்லது, ஆட்டத்துக்கு யாரும் துணைக்கு எழுந்து வரமாட்டார்கள். இவை எவருக்கும் தெரிந்தவை.

நேரக்கணக்கு சற்று விளக்கம் கேட்பது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் காலை 6 மணிக்கும், அங்கே கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் மாதங்களில் 5 மணிக்கும் வருகிறது. குமரி மாவட்டத்தில் எங்கள் அருமனை, குலசேகரம் பக்கங்களில் இது பெரிய தியாகமாகத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதற்கு முன்னரே இறங்கிவிடுகிறார்கள், ஆகையால் அந்த நேரத்தில் எந்த வீட்டு அடுப்பிலும் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) கிடைக்கும். உண்மையான தொல்லை ஜூன் மாதத்தில்தான். முதலில் நான்கு ஆட்டம் வெல்லும் அணிக்குக் கோப்பை என்று இரண்டு அணிகள் மோதும் இறுதித் தொடர் நடக்கும் அதே நாட்களில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து, காற்றுக்கு ஒரு தென்னோலை கம்பியில் விழுந்தால் மின்சாரம் போய்விடும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காம் கால்பகுதியைக் கைப்பேசியின் மிச்ச மின்னேற்றத்தில் பார்க்க வேண்டியிருக்கும் என்பதைச் சந்தா கட்டுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

இருந்தும் நான் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தை எடுத்துவைத்துப் பிறகு பார்க்க முடியாது. பதிவு கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் முடிவு தெரியாத நிலையில் அதைப் பார்க்கும் வாய்ப்பு சில மணி நேரமே நிற்கிறது. குளச்சல் கரையில் ஏலம் போகும் மீனைப் போல அதற்கு அன்றைய விலை அன்றைக்குத்தான். காலை ஒன்பது மணிக்குள் வளைகுடாவில் இருக்கும் அத்தை மகன், “மக்கா, கடைசிப் பந்து பாத்தியா?” என்று குரல்பதிவு அனுப்பிவிடுவான், அதன் பிறகு மாலையில் பதிவைப் போட்டால், நிமிடங்கள் நகர்கின்றனவே தவிர நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. படமோ இன்று பார்க்காவிட்டால் அடுத்த மாதமும் அதே படமாக இருக்கும்.

முடிவு தெரியாமல் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைச் சொல்வேன். கிளீவ்லாந்தும் கோல்டன் ஸ்டேட்டும் 89-89 என்று சமநிலைக்கு வந்தபின், ஏறத்தாழ நான்கு நிமிட ஆட்ட நேரத்துக்கு இரு அணிகளாலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. உலகின் சிறந்த கைகள் எறிந்த பந்துகளெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பின. இடையில் கோல்டன் ஸ்டேட்டின் இகுடாலா எளிதாகப் போடவிருந்த பந்தை கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையோடு அடித்து நிறுத்தினார். 53 வினாடிகள் மிச்சமிருக்கையில் அதே அணியின் கைரி இர்விங் மூன்று புள்ளி எறிந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது; கிளீவ்லாந்து 93-89 என்று வென்றது. எந்தப் படத்தொகுப்பாளரும் அந்தத் தவறிய எறிதல்களை முதல் வேலையாக வெட்டிவிடுவார். அவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அந்தக் கடைசி எறிதலின் கனம் தெரியும்.

2025 இறுதித் தொடர் இதற்கு இன்னும் நெருக்கமான சாட்சி. முதல் ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்த இண்டியானா, கடைசியில் எதிரணியான ஓக்லஹோமா சிட்டியின் எறிதல் தவறியதும், கையில் ஆட்டத்தைச் சற்று நிறுத்த இடைவேளை கேட்கும் உரிமை இருந்தும் கேட்காமல் அப்படியே ஓடியது. 0.3 வினாடி மிச்சமிருக்க அந்த அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து விழுந்து, அந்த ஆட்டத்திலேயே முதல்முறையாக இண்டியானா முன்னிலை பெற்று 111-110 என்று வென்றது. படமாக இருந்தால் அங்கே இடைவேளை கேட்டு, பயிற்சியாளர் எல்லோரையும் கட்டிப்பிடித்து ஒரு நீளமான வசனம் பேசியிருப்பார். அதே ஹாலிபர்ட்டன் ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே குதிகால் நாண் அறுந்து வெளியேற, ஓக்லஹோமா சிட்டி 103-91 என்று கோப்பையை எடுத்துச் சென்றது. நாயகனைக் கடைசிச் சண்டையின் தொடக்கத்திலேயே படுக்கவைக்கும் கதையை நம்மூரில் எந்தத் தயாரிப்பாளரிடமும் சொல்ல முடியாது.

படங்களின் பக்கம் பேச எதுவுமில்லை என்று சொல்லமாட்டேன். அண்மையில் பார்த்த ‘ஹசில்’ (2022) எனக்குப் பிடித்திருந்தது. ஆடம் சாண்ட்லர் ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலைபவராக வருகிறார்; அவர் ஸ்பெயினில் கண்டெடுக்கும் இளைஞராக நடித்தவர் என்.பி.ஏ.வில் ஆடிய ஹுவாஞ்சோ எர்னான்கோமெஸ் என்பதால் பந்து கையில் உட்காரும் விதத்தில் பொய் இல்லை. பிலடெல்பியாவின் ஒரு மேட்டுத் தெருவில் விடியுமுன் அந்த இளைஞர் மறுபடி மறுபடி ஓடி நேரத்தைக் குறைக்கும் பகுதி, எந்த நேரலையும் காட்டாத ஒன்று. ஆட்டத்துக்கு முந்தைய உழைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் படத்திடம்தான் போக வேண்டும்.

ஸ்பைக் லீ இயக்கிய ‘ஹி காட் கேம்’ (1998) படத்தில் தந்தையாக டென்சல் வாஷிங்டனும் மகனாக உண்மையான ஆட்டக்காரர் ரே ஆலனும் இருவர் மட்டுமே ஆடும் கூடைப்பந்தில் மோதும் காட்சி உண்டு. தந்தை ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்பதாகத்தான் எழுதியிருந்தார்களாம். டென்சல் நிஜமாகவே சில பந்துகளைப் போட்டுவிட, அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் என் மனத்தில் நின்ற இடம் அதுதான், எழுதிவைத்ததை ஆட்டம் மீறிய இடம் என்பதால்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தப் படங்களையெல்லாம் வீட்டுத் திரையில்தான் பார்த்தேன். பெரிய அரங்கின் ஒலியில் பார்த்தவர் என்னைவிட அவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் போடக்கூடும். அதை மறுக்க எனக்கு அனுபவம் போதாது. இரவுப் பணி பார்ப்பவருக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கும் என் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் மேற்குக் கரை ஆட்டங்களைப் பார்க்கலாம். அவை நமக்குக் காலை ஏழரைக்கோ எட்டரைக்கோதான் தொடங்குகின்றன. அக்டோபர் முதல் ஜூன் வரை ஆட்டம், ஜூலை முதல் செப்டம்பர் வரை படம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் படச் சந்தாவைக் கட்டினால் போதும்.