வீட்டில் மீன் அறை அமைத்துத் தரும் பட்டறைப் பணி: ஓராண்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் பழைய சாமான்கள் அடைத்துக் கிடந்த பத்தடிக்கு எட்டடி அறையை மீன் வளர்ப்பு அறையாக மாற்றும் வேலையைச் சென்ற சித்திரையில் சென்னைக் கொளத்தூர்ப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தேன். வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்பெற்ற அப்பகுதியில் தொட்டி ஒட்டித் தருவோர் பலர் இருந்தாலும், தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, காற்றுக் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகிய அனைத்தையும் ஒரே பொறுப்பில் செய்து தருவோர் குறைவு என்பதால் இவர்களைத் தேர்ந்தெடுத்தேன். எதிரெதிர்ச் சுவர்களில் மும்மூன்று அடுக்குகளாக மொத்தம் 12 தொட்டிகள். செலவு ஏறத்தாழ 65,000 ரூபாய்.

முதலில் நான் மாடியறையைத்தான் காட்டினேன். பட்டறைக்காரர் அதை உடனே மறுத்தார். தொட்டி ஒன்றுக்கு 95 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 1,140 கிலோ. கண்ணாடியும் இரும்பும் சேர்ந்தால் எடை ஒன்றரை டன்னை நெருங்கும். குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. சுவரோரம் இவ்வளவு எடையைக் குவிப்பதற்கு அது போதாது. வேலை கிடைத்தால் போதும் என்று எண்ணாமல் அவர் எச்சரித்ததற்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

இவர்களின் வேலையில் மிகச் சிறந்தது தொட்டி நீருக்குக் காற்றூட்டும் அமைப்பு. தொட்டிக்கு ஒரு மோட்டார் என்று வைக்காமல், பெரிய ஏர் பம்ப் ஒன்றிலிருந்து முக்கால் அங்குல பிவிசி குழாயை அறையைச் சுற்றிக் கொண்டுவந்து, தொடங்கிய இடத்திலேயே இணைத்து முழு வளையமாக மூடியிருக்கிறார்கள். இதனால் கடைசித் தொட்டிக்கும் முதல் தொட்டிக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பித்தளை வால்வைத் திருகி ஒவ்வொரு ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும் (காற்றின் விசையால் நீரை இழுத்து வடிகட்டும் பஞ்சு) வேண்டிய அளவு காற்றை விடலாம். மேலடுக்குத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே, கூரையை ஒட்டிப் பம்ப் பொருத்தப்பட்டிருப்பதால், மின்சாரம் நின்றாலும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிவந்து பம்புக்குள் இறங்காது. பம்ப் ஒன்றே என்பதால் அதை இன்வெர்ட்டரில் இணைப்பதும் எளிதாயிற்று. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவதால், சென்னைக் கோடையில் ஒரு மணி நேர மின்வெட்டுகூட நெருக்கமாக வளரும் குஞ்சுகளுக்கு ஆபத்தாகிவிடும். சென்ற அக்கினி நட்சத்திரத்தில் ஒரு குஞ்சைக்கூட நான் இழக்கவில்லை.

நீர் மாற்றும் வசதியும் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. ஒவ்வொரு தொட்டியிலும் துளையிட்டு வழிகுழாய் வைத்து, அவற்றை ஒன்றரை அங்குலக் குழாயில் சேர்த்து, தோட்டத்து வாழைக்குப் பாயும்படி விட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 380 லிட்டர் நீரை மாற்றுவது வாளியில் சுமந்தால் அரை நாள் வேலை. இப்போது முக்கால் மணி நேரம் போதும். புது நீருக்கு 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வைத்து அதற்குள்ளும் காற்றுக் குழாய் விட்டிருப்பதால், குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒரு நாளில் நீங்கிவிடுகிறது.

முதல் வரைபடத்தில் அடுக்குகளுக்கிடையே ஆறு அங்குல இடைவெளியே இருந்தது; வலையோடு கை நுழைய ஓரடியாவது வேண்டும் என்று கேட்டு மாற்றிக்கொண்டேன். அமைக்க விரும்புவோர் இதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

குறைகள் இரண்டைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ஸ்விட்ச் பாக்ஸைக் கீழடுக்குத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் தாழ்வாகப் பொருத்தியிருந்தார்கள். கை ஈரத்தோடு நடமாடும் அறையில் இது பொறுத்துக்கொள்ளத்தக்க தவறே அல்ல. வேறு எலக்ட்ரீஷியனை வைத்து ஐந்தடி உயரத்துக்கு மாற்றி, 30 மில்லியாம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் போட்ட பிறகே நிம்மதி வந்தது. அடுத்தது ஈரக்காற்று. இத்தனை தொட்டிகளிலிருந்து ஓயாமல் நீர் ஆவியாகும் அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்பதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் சுவர் பூஞ்சை பிடித்தது; ஒரே பூச்சு பெயின்ட் அடித்திருந்த ஸ்டாண்டின் வெல்டிங் முனைகளில் துரு கிளம்பியது. சொன்னதும் வந்து சுரண்டி எபாக்ஸி பூச்சு அடித்துக் கொடுத்தார்கள், பணம் வாங்கவில்லை. ஆயினும் தொட்டிகளை இறக்கி ஏற்றிய சிரமம் என்னுடையதாயிற்று.

வேலை முடிந்த அன்றே மீன் வாங்கிவரத் துடித்த என்னை, "தண்ணி பழகட்டும் சார், மீன் அப்புறம் விடலாம்" என்று தடுத்தவரும் அதே பட்டறைக்காரர்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று விளக்கி, தம் பண்ணையில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சுகள் இரண்டைப் பிழிந்து ஊற்றியும் கொடுத்தார். மேலடுக்கு நீர் கீழடுக்கைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் ஏஞ்சல் மீன்களை மேலேயும் கோல்டு ஃபிஷ் குஞ்சுகளைக் கீழேயும் வைக்கச் சொன்னதும் அவரே. ஆவணியில் முதல் ஏஞ்சல் ஜோடி மேலடுக்கில் முட்டையிட்டது.

பின்சுவரில் மூன்றாவது ஸ்டாண்டு போட இப்போது அவர்களிடமே முன்பணம் கொடுத்திருக்கிறேன். மின்வேலையை மட்டும் எங்கள் எலக்ட்ரீஷியன் செய்வார்.