கார்பன் பிளாக்கா, நானோகுழாயா: பேட்டரிக்கு எது, எரிபொருள் கலத்துக்கு எது?

லித்தியம் அயனி பேட்டரிக்கு என்றால் நானோகுழாய். ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில், அந்த வினையை விரைவாக்கும் பிளாட்டினத்தைத் தாங்குவதற்கு என்றால், இன்றைய நிலையில் நன்றாகச் சுட்டுப் பதப்படுத்திய கார்பன் பிளாக். ஹைட்ரஜனைச் சேமித்து வைக்க என்றால் இரண்டுமே வேண்டாம். என் முடிவு இதுதான். "நானோ" என்ற பெயர் ஒட்டியிருந்தாலே உயர்ந்தது என்று நம் மாணவர்கள் பலர் ஆய்வுத் தலைப்பு எடுப்பதைப் பார்க்கும்போது, இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லத் தோன்றுகிறது.

இரண்டும் கார்பன்தான். கார்பன் பிளாக் என்பது டயரைக் கறுப்பாக்கும் அதே பொருள். எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுக்கும் கரி. சில பத்து நானோமீட்டர் அளவு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக இருக்கும். நானோகுழாய் என்பது ஒற்றை அணுத் தடிமன் கொண்ட கார்பன் தாள் சுருண்ட வடிவம். ஒரே தாள் என்றால் ஒற்றைச்சுவர்க் குழாய், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல என்றால் பலசுவர்க் குழாய். விட்டம் ஒரு நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை, நீளமோ பல மைக்ரோமீட்டர். 1991-இல் ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் சுமியோ இஜிமா இவற்றைப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான் பரவலான கவனம் வந்தது. சோவியத் ஆய்வாளர்கள் 1952-இலேயே இத்தகைய குழாய்களின் படங்களை வெளியிட்டிருந்தார்கள்.

முதலில் பேட்டரி. நேர்மின்முனையில் லித்தியத்தை வைத்திருக்கும் ஆக்சைடோ இரும்பு பாஸ்பேட்டோ மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் கார்பன் கலக்கிறார்கள். கார்பன் பிளாக் உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போனால்தான் எலக்ட்ரானுக்குப் பாதை கிடைக்கும். அந்தப் பாதை அறுந்துவிடாமல் இருக்க எடையில் 2, 3 சதவீதம் தேவைப்படுவது சாதாரணம். நீளமான குழாய் ஒன்றே பல துகள்களை இணைத்துவிடும் என்பதால், பலசுவர்க் குழாயில் அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். ஒற்றைச்சுவர்க் குழாயானால் 0.1 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே வேலை நடக்கிறது. நேர்மின்முனையில் கார்பன் தானாக எதையும் சேமிப்பதில்லை. அது விட்டுக்கொடுக்கும் இடத்திலெல்லாம் சேமிக்கும் பொருளை வைக்கலாம்.

எதிர்மின்முனையில் சிலிக்கான் சேர்ந்தால் போட்டி என்று சொல்லவே ஒன்றும் இல்லை. கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி தாங்கும். சிலிக்கான் கிட்டத்தட்ட 3,600. ஆனால் லித்தியம் ஏற ஏற சிலிக்கானின் பருமன் மூன்று மடங்குக்கும் மேல் போய்விடும், இறங்கும்போது சுருங்கும். சில சுழற்சிகளிலேயே துகள் வெடித்து, கார்பன் பிளாக்கோடு இருந்த தொடர்பு விட்டுப்போகும். தொடர்பு போன துகள் பேட்டரிக்குள் இருந்தும் இல்லாததுதான். மெல்லிய குழாய்களோ, மண்சுவரில் வைக்கோல் விரிசலைப் பிடித்துக்கொள்வதுபோல, உடைந்த துண்டுகளை விடாமல் இணைத்து வைக்கின்றன. ஒற்றைச்சுவர்க் குழாய்க்குக் கொடுக்கும் கூடுதல் விலை முழுக்க நியாயமாவது இந்த ஓர் இடத்தில்தான்.

தொல்லை இல்லாமல் இல்லை. குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். பிரிப்பதற்காக அதிகம் அரைத்தால் நீளம் குறையும், நீளம் குறைந்தால் வாங்கிய பயனே போச்சு. அதனால்தான் மின்முனைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கரைப்பானில் பிரித்துத் தரும் பேஸ்டாகவே வாங்குகிறார்கள். அடுத்தது இரும்பு. குழாய்கள் வளர்வதே இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற உலோகத் துகள்களின் மேல். மிச்சமிருக்கும் இரும்பு நேர்மின்முனையில் கரைந்து எதிர்மின்முனையில் படிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று தூய்மைச் சான்று இல்லாத குழாயை பேட்டரியில் போடவே கூடாது.

எரிபொருள் கலத்துக்கு வருவோம். இங்கே கார்பனின் வேலை, சில நானோமீட்டர் அளவுள்ள பிளாட்டினத் துகள்களைச் சிதறலாகத் தாங்கி நிற்பது. ஆய்வகங்களில் வழக்கமாக எடுப்பது வல்கன் எக்ஸ்சி-72 என்ற கார்பன் பிளாக். கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர் பரப்பு. இதன் பலவீனம் அரிப்பு. கார்பன் நீரோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக மாறுவது 0.207 வோல்ட்டுக்கு மேலேயே சாத்தியம். சாதாரண ஓட்டத்தில் அது மிக மெதுவாக நடப்பதால் பிழைக்கிறது. இந்தக் கலத்தில் ஓடும் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது நேர்மின்முனை 1.5 வோல்ட் வரை எகிறலாம். அப்போது கார்பன் கரைந்து, பிளாட்டினம் உதிர்ந்துபோகும்.

அரிப்பு தொடங்குவது கார்பன் தாள்களின் விளிம்புகளில். கார்பன் பிளாக்கில் விளிம்புகள் ஏராளம், குழாயின் சுவரில் மிகக் குறைவு. ஆகவே குழாய் நீண்டநாள் உழைக்கும். இதுவரை சரி. ஆனால் பிளாட்டினம் பற்றிக்கொள்வதும் அதே விளிம்புகளையும் குறைகளையும்தான். வழவழப்பான சுவரில் அது நிற்காது, நகர்ந்து ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடும். நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலங்களில் கொதிக்கவைத்துச் சுவரைப் புண்ணாக்கினால் பற்றும். அப்படிச் செய்தால் அரிப்புக்கும் கதவைத் திறந்துவிட்டோம். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சுவரைக் கெடுக்காமல் அதன்மேல் பாலிபென்ஸிமிடசோல் என்ற பாலிமரைச் சுற்றி, அதில் பிளாட்டினத்தைப் பதித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. ஆனால் 2,000 டிகிரிக்கு மேல் சுட்ட கார்பன் பிளாக்கும் கிராஃபைட் போல ஒழுங்குபட்டு அரிப்பைத் தாங்குகிறது. பரப்பு குறையும், அது உண்மை. ஆனாலும் விலையும் பழகிய தயாரிப்பு முறையும் அதன் பக்கம் இருக்கின்றன.

பிளாட்டினமே வேண்டாம், நைட்ரஜன் கலந்த குழாயே வினையூக்கி என்ற வழியும் இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் லிமிங் டாய் என்ற ஆய்வாளரின் குழு, நட்டுவைத்தாற்போல் நிற்கும் நைட்ரஜன் கலந்த குழாய்கள் காரக் கரைசலில் ஆக்ஸிஜன் ஒடுக்க வினையில், அதாவது கலத்தின் நேர்மின்முனையில் ஆக்ஸிஜன் எலக்ட்ரானை ஏற்கும் வினையில், பிளாட்டினத்தை விஞ்சுவதாகக் காட்டியது. பெரிய முன்னேற்றம். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் காம்ப்டன் குழு 2006-இலேயே, சில குழாய் மின்முனைகளின் வினையூக்கத்துக்குக் காரணம் உள்ளே மிஞ்சிய உலோகம்தான் என்று நிரூபித்திருந்தது. "உலோகமற்றது" என்று ஒருவர் சொன்னால், எஞ்சிய இரும்பை எப்படி அளந்தார் என்பதை முதலில் கேளுங்கள். வாகனக் கலங்களில் இருப்பது அமிலச் சவ்வு என்பதையும் மறக்க வேண்டாம். காரத்தில் கிடைத்த வெற்றி அங்கே அப்படியே செல்லாது.

ஹைட்ரஜன் சேமிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 1997-இல் ஒற்றைச்சுவர்க் குழாய்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் ஹைட்ரஜன் பிடிக்கும் என்ற கணிப்பு வந்தது, மற்றவர்களால் அதை எட்ட முடியவில்லை. 2006-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, வாகனச் சேமிப்புக்கான தூய குழாய் ஆய்வைக் கைவிட்டது.

விலைப்பட்டியலில் வராத வித்தியாசம் ஒன்று, சுவாசிக்கும் காற்றில் இருக்கிறது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் உச்ச அளவு, கார்பன் பிளாக்குக்கு ஒரு கன மீட்டரில் 3.5 மில்லிகிராம். நானோகுழாய்க்கு 1 மைக்ரோகிராம். 3,500 மடங்கு கடுமை. நீண்டு விறைப்பான பலசுவர்க் குழாய்கள் எலிகளில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற விளைவைக் காட்டியது 2008-இல் வெளியானது. பேஸ்டாக வாங்கினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். உலர் தூள்தான் வேண்டுமென்றால், டப்பாவைத் திறப்பது மூடிய கையுறைப் பெட்டிக்குள், அதாவது பெட்டியில் பொருத்திய கையுறைகள் வழியே வெளியிலிருந்து கைவிட்டு வேலை செய்யும் பெட்டிக்குள், மட்டும் நடக்கட்டும். முகத்தில் ஒரு துணி முகக்கவசத்தோடு திறந்த மேசையில் எடைபோடச் சொல்லும் ஆய்வகத்தில், எந்த மாணவரும் அதற்குச் சம்மதிக்கக் கூடாது.