தூய இனமா, கலப்பினமா? நாயைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் வேலையைப் பாருங்கள்

டேக்ஸ்ஹண்ட் நாய்க்குக் காலைக் குட்டையாக்கி உடம்பை நீளமாக்கியது, மண்ணில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கின் வளைக்குள் அது புகுந்து போகவேண்டும் என்பதற்காக. பூடிலின் சுருள்முடி தண்ணீரில் விழுந்த வாத்தை எடுத்துவருவதற்கு. அடுப்பில் இறைச்சிக் கம்பியைச் சுழற்றும் சக்கரத்துக்குள் ஓடுவதற்கென்றே பிரிட்டனில் ஒரு வகை நாய் இருந்தது, அந்த வேலைக்கு இயந்திரம் வந்ததும் அந்த வகையே இல்லாமல் போய்விட்டது. அதனால் "தூய இனம் நல்லதா, கலப்பினம் நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. எந்த வேலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் ஒப்பிடவே முடியும்.

தூய இனத்திலேயே இரண்டு வழி உண்டு. முதல் வழி, கண்காட்சி. காளையைக் கட்டிவைத்து நாயை ஏவிவிடும் விளையாட்டை பிரிட்டன் 1835-இல் தடைசெய்தது, புல்டாக்கின் வேலை அதோடு முடிந்தது. 1859-இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி, 1873-இல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப் என்று வந்தபிறகு தோற்றமே அளவுகோல் ஆனது. மூக்கு தட்டையாகித் தட்டையாகி மூச்சுவிடவே திணறும், தலை பெருத்துப் பெரும்பாலான குட்டிகள் அறுவை சிகிச்சையில்தான் பிறக்கும் என்ற நிலைக்கு அந்த நாயைக் கொண்டுவந்துவிட்டார்கள். இதே தட்டை மூக்குள்ள பிரெஞ்சு புல்டாக்தான், 31 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரைத் தள்ளிவிட்டு, 2022-இல் அமெரிக்க கென்னல் கிளப் பட்டியலில் முதலாவதாக வந்தது. சின்ன வீடு, கொஞ்ச நேர நடை, குழந்தை மாதிரி முகம் என்று கேட்பதும் மனிதத் தேவைதான். ஆனால் அதற்கான விலையை நாய் தன் மூச்சில் கொடுக்கிறது, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இரண்டாவது வழி, வேலை. பார்டர் கோலியை 1995-இல் அமெரிக்க கென்னல் கிளப் அங்கீகரித்தபோது ஆடு மேய்ப்பவர்கள் பலர் எதிர்த்தார்கள், அழகுக்காகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் மந்தையை மடக்கும் திறமை போய்விடும் என்ற நியாயமான பயம் அது. ஆட்டுக்காவலுக்காக 1899-இல் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி வரையறுத்த ஜெர்மன் ஷெப்பர்ட், முதல் உலகப்போரில் ராணுவத்துக்குப் போய், 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் பார்வையிழந்த வீரர்களுக்கு வழிகாட்டவும் பழகிக்கொண்டது. அருமையான நாய்கள். வேலை கொடுக்க முடியாதவர் வீட்டில் மட்டும் பாவம், வண்டியையும் குழந்தையையும் மந்தையாக நினைத்துத் துரத்தும்.

சரி, பெயர் வைத்து விற்கும் கலப்பினங்கள்? லாப்ரடூடிலின் தொடக்கத்தில் உண்மையான தேவை இருந்தது. ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் அவர் கணவருக்கு நாய்முடி ஒவ்வாமை. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் அமைப்பில் இருந்த வாலி கான்ரன் 1980-களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. அதாவது கலந்தாலே முடி கொட்டாது, ஒவ்வாமை வராது என்பதெல்லாம் முதல் ஈற்றிலேயே பொய்த்துவிட்டது. இவ்வகை நாய்கள் சந்தைப்பொருளானதைப் பார்த்து கான்ரனே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். கலப்பு என்பதால் ஆரோக்கியம் என்ற பேச்சும் எடுபடவில்லை: லாப்ரடூடில், காக்கபூ (காக்கர் ஸ்பேனியலும் பூடிலும்), கவபூ (கவலியர் ஸ்பேனியலும் பூடிலும்) மூன்றையும் அவற்றின் தாய்தந்தை இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வொன்று 2024-இல் வந்தது, சுமார் 87 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை.

யாரும் திட்டமிடாமல் பிறந்த கலப்பு நாய்க்கு வருவோம். 24 மரபுக் கோளாறுகளை எடுத்துப் பார்த்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில் 10 தூய இனங்களில் அதிகம், 13 இரண்டிலும் சமம், முழங்கால் தசைநார் கிழிவது மட்டும் கலப்பில் அதிகம். குணத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்பதுதான் தூய இனத்துக்குச் சொல்லும் பெரிய வாதம். ஆனால் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-இல் வந்த ஆய்வு, நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்கிறது. உயரம், முடி, எடையை இனம் சொல்லிவிடும், குணத்தை அவ்வளவாகச் சொல்லாது. வீட்டுத் துணைக்கென்றால் வளர்ந்த கலப்பு நாயையே நான் சொல்வேன், அதன் அளவும் சுபாவமும் கண்முன்னே இருக்கிறதே. குட்டியென்றால் அது எவ்வளவு வளரும் என்று ஊகிப்பது கடினம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி: வேலையை மனதில் வைத்து, ரத்தத்தூய்மையைப் பார்க்காமல் கலப்பது. அலாஸ்கன் ஹஸ்கிக்கு கென்னல் கிளப் அங்கீகாரம் இல்லை, பல ரத்தம் கலந்த நாய், ஆனால் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயங்களில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் அதுதான். வழிகாட்டி நாய் அமைப்புகள் பலவும் லாப்ரடாரோடு கோல்டன் ரெட்ரீவரைக் கலக்கின்றன.

இந்த வழியைத் தூய இனத்துக்குள் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு டால்மேஷியனே போதும். அந்த இனம் முழுவதிலும் யூரிக் அமிலம் கூடிச் சிறுநீரில் கல் உண்டாக்கும் மரபணு இருந்தது. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் பாயிண்டர் என்ற வேட்டை நாய் இனத்தில் ஒரே ஒரு நாயைக் கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து, புள்ளி மாறாத, அந்தக் கோளாறு இல்லாத நாய்களை உருவாக்கினார். அவற்றை அமெரிக்க கென்னல் கிளப் முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011-இல்தான். இடைப்பட்ட 38 ஆண்டுகளும் பதிவேட்டைக் காப்பாற்றினார்கள், நாய்களுக்குக் கல் வந்துகொண்டே இருந்தது.