சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லும் சேவை: வன்னியிலிருந்து ஒரு மதிப்புரை

சட்டம் தரும் உரிமை பெரியது, அது நம்மை வந்து சேரும் விதம்தான் மோசம். இலங்கையின் 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தின்படி, ஒரு பெருந்திட்டம் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் முழு அறிக்கையும் 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எழுதிக் கொடுத்த ஆட்சேபணைக்குத் திட்டக்காரர் பதில் சொல்லியே ஆகவேண்டும். இது அருமையான ஏற்பாடு.

ஆனால் அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வந்துபோகும். குளத்தடி விவசாயி அதை எங்கே காண்பார்? பிரதேச செயலகத்தில் அடிக்கடி கேட்டு வைப்பதே வழி.

அறிக்கை கிடைத்தால் முதலில் கள ஆய்வு செய்த மாதங்களைப் பாருங்கள். மன்னாரில் காற்றாலைக்குக் கோடையில் மட்டும் பறவை எண்ணினால், மாரியில் வரும் வலசைப் பறவைகள் கணக்கில் வரா. அடுத்தது வரைபடம்: சிறுகுளங்களின் வாய்க்கால், கலிங்கு, யானைப் பாதை எல்லாம் இருக்கின்றனவா? மாற்று இடங்கள் பற்றிய பகுதி பெரும்பாலும் ஒப்புக்குத்தான் இருக்கும். அங்கே விடாமல் கேளுங்கள்.

"எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் பலனில்லை. பக்க எண், விடுபட்ட விடயம், கேட்கும் மாற்றம் மூன்றையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பெரிய ஓட்டை, ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை. அந்தச் சிறிய அறிக்கைக்கு இந்த 30 நாள் கட்டாயமில்லை. ஒரு ஹெக்டேருக்கு மேல் காடு அழிக்கும் திட்டம் இந்த இரண்டு அறிக்கைகளில் எந்த வகையில் போடப்பட்டிருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே விசாரியுங்கள்.