மினிலாக் எக்ஸ்டி: நாலு வாய்ஸில் நீளும் பேட்

கோர்க் மினிலாக் எக்ஸ்டி 2019ல் வந்த அனலாக் சிந்த், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர். 37 சிறு கட்டைகள், நாலு வாய்ஸ்: ஒரே நேரத்தில் நாலு சுரம்தான் ஒலிக்கும். மிதக்கும் பேட் (மெல்ல எழுந்து நீளும் பின்னணி ஒலி) வாசிக்க நாலு வாய்ஸ் போதுமா? போதும், விரல் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால்.

இடிக்கும் இடம் இதுதான். ரிலீஸை (விரலை எடுத்தபின் சுரம் தேயும் நேரம்) ஐந்து வினாடிக்கு வைத்து, மூன்று சுரக் கார்டை விட்ட கையோடு அடுத்த கார்டைப் பிடித்தால் ஆறு வாய்ஸ் வேண்டும். அதனால் தேய்ந்துகொண்டிருக்கும் பழைய சுரங்களில் இரண்டு சட்டென்று அறுபடும். ரிலீஸை ஒன்றரை வினாடிக்கு இறக்கி, மிச்ச வாலை ரிவெர்பிடம் (எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட்) விட்டுவிடுங்கள். ரிவெர்ப் வாய்ஸ்களைத் தாண்டி இருப்பதால் சுரம் அறுந்தாலும் அதன் எதிரொலி அறுபடாது. கார்டு மாற்றும்போதும் எல்லா விரலையும் தூக்காமல் ஒரு சுரத்தை மட்டும் நகர்த்துங்கள்.

தொடங்க ஒரு பேட்ச் (ஒலி அமைப்பு): ஒலியைப் பிறப்பிக்கும் இரண்டு ஆஸிலேட்டரும் ஸா வேவ், அதாவது ரம்பப்பல் அலை (சட்ஜமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), இரண்டாவதை 7 செண்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) விலக்கவும். ஃபில்டரின் கட்டாஃப் (இதற்கு மேலுள்ள ஒலி மங்கும்) பாதிக்குக் கீழே, அந்த இடத்தைத் தூக்கிக்காட்டும் ரெசனன்ஸ் ஏறத்தாழ பூஜ்யம், அட்டாக் (ஒலி எழும் நேரம்) 2 வினாடி. எல்எஃப்ஓ (மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்கும் அலை) பத்து வினாடிக்கு ஒரு சுற்று, கட்டாஃபை லேசாகத் தொட்டால் போதும். அந்த 7 செண்ட் 220 ஹெர்ட்ஸில் வினாடிக்கு ஏறத்தாழ ஒருமுறை அசையும், மூச்சுவிடுவதுபோல் இருக்கும். அதையே 880ல் வாசித்தால் மூன்றரை முறைக்கு மேல் துடித்துப் பதற்றமாகிவிடும். மேல் ஸ்தாயிக்குப் போனால் விலகலை 2 செண்டுக்குக் குறையுங்கள்.

மனநிலையைத் தீர்மானிப்பது சுரத் தேர்வுதான். ச-ப மட்டும் நின்றால் தம்புராபோல, சோகமும் இல்லை, குதூகலமும் இல்லை. அதில் பிரதி மத்யமம் சேர்ந்தால் வானம் திறக்கும். சுத்த ரிஷபம் சேர்ந்தால் இருட்டத் தொடங்கும். அந்தர காந்தாரத்தில் மட்டும் கவனம்: சமப் பகுப்பில் (ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் கீபோர்டு சுருதியில்) அது இயல்பான இடத்தைவிட 14 செண்ட் கூடுதல், நீளமாக நின்றால் உறுத்தும். சுர இடைவெளிகளை மாற்றும் மைக்ரோ ட்யூனிங்கில் ப்யூர் மேஜரைத் தேர்ந்து, ஆதார சுருதியையும் அதற்கேற்ப அமைத்தால் அடங்கிவிடும். முன்பே ஏற்றிவரும் ஒலிகளில் பெரும்பாலானவை கடையில் காட்டுவதற்கானவை; ஒதுக்கிவிடலாம்.

சிங்கப்பூர் வெக்கையைப் பொறுத்தவரை, இதுபோன்ற அனலாக் சிந்துகளில் 24 டிகிரி அறைக்கும் 31 டிகிரி அறைக்கும் சுருதி நகரலாம். ஏர்கான் போட்டு இருபது நிமிடம் கழித்து ட்யூன் செய்யுங்கள். ஈரப்பதத்தால் குமிழ்கள் கரகரக்கும். மூடியே வைக்காமல் வாரம் ஒருமுறை எல்லாக் குமிழையும் முழுதாகத் திருப்புங்கள். பவுடர் கலந்த ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள்.

வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் பேட் எப்படியோ தப்பிக்கும், அடிச்சுருதி தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அறையிலும் தெளிவு கூடும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி வரும் இரைச்சல். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (ஆடியோ இணைப்பைப் பிரித்துவைக்கும் சிறு பெட்டி) நடுவில் போடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த்தை மட்டும் துண்டிக்கவே கூடாது.