மூணு நாள் கூட்டுப் பண்ணை தங்கல்: சாப்பாட்டுக்கு அஞ்சு ஸ்டார், பத்திரத்துக்கு ஒண்ணு

பேரு போடல. நடத்துறவங்க ஏமாத்துக்காரங்க இல்ல, திருத்திக்க இன்னும் டைம் இருக்கு, அதனால. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல ஒரு வேலி நிலம், அதாவது 20 மா, ஏக்கர் கணக்குல ஆறரைக்கு கொஞ்சம் மேல. 14 குடும்பம் சேந்து அத வாங்கி, மண்வீடு கட்டி, ஒண்ணா வெள்ளாமை பண்ணி ஒரே அடுப்புல ஆக்கி சாப்பிடுறதுன்னு திட்டம். சேரலாமான்னு யோசிக்கிறவங்க மூணு நாள் தங்கிப் பாக்கலாம், தலைக்கு 2,400 ரூபா. என் வீட்டுக்காரருக்கு கொரோனா சமயத்துலேந்தே இந்த ஆசை உண்டு, நான்தான் இழுத்துப் புடிச்சிட்டிருந்தேன். சரி போய்த்தான் பாப்போம்னு பிப்ரவரியில மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிட்டோம். கூட மன்னார்குடி சித்தப்பாவும் வந்தார். அவர் சர்வே டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர், இது முக்கியம், பின்னாடி வரும்.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். சாப்பாடு அமர்க்களம். காலையில பூங்கார் கஞ்சி, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். மதியம் தூயமல்லி சாதம், சுண்டக்கா வத்தக்குழம்பு, வரப்புல பறிச்ச கீரை. ரெண்டாம் நாள் மாப்பிள்ளைச் சம்பா அவல்ல வெல்லமும் தேங்காயும் போட்டுக் குடுத்தாங்க, இன்னும் நாக்குலயே நிக்குது. காப்பி மட்டும் கிடையாது, சுக்கு மல்லிதான். சித்தப்பா தினம் விடிகாலை நைசா சைக்கிள எடுத்துக்கிட்டு ரோட்டுக் கடைக்குப் போய்ட்டு வந்தார். கழிப்பறை உலர் கழிப்பறை, சாம்பல் போடணும், நாத்தம் கொஞ்சம்கூட இல்ல, நான் பயந்ததுக்கு எவ்வளவோ பரவால்ல. தரைக்கு மேல மேடை கட்டி வெச்சிருக்காங்க, நிலத்தடி தண்ணி இவ்வளவு மேல இருக்குற ஊர்ல அதுதான் சரி.

நிலமும் கண்ணுக்கு அப்படி ஒரு அழகு. சம்பா அறுத்து முடிஞ்ச வயல் முழுக்க உளுந்து பச்சைப் பசேல்னு கெடந்துச்சு. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிக்கிற நெல்லுக்குள்ள வெதச்சு விட்டுடுவாங்க, இருக்குற ஈரத்துலயே வந்துரும். கூட வந்திருந்த பெங்களூர் தம்பதி இத கேட்டு மெரண்டே போய்ட்டாங்க.

சாயங்காலம் எல்லாரும் வட்டமா உக்காந்து மனசு விட்டுப் பேசணும். உங்களுக்கு எது பயம், கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க, யாரு பாத்திரம் கழுவுறது, இதெல்லாம். நக்கலா சொல்லல, நெசமாவே நல்லா நடத்துனாங்க, என் வீட்டுக்காரர் 19 வருஷமா என்கிட்ட சொல்லாத ஒரு விஷயத்த அங்க சொன்னார். ஆனா ரெண்டு நாள் இப்படியே போச்சு, நிலம் யார் பேர்லன்னு ஒருத்தர்கூட வாய் தொறக்கல. நாந்தான் கேட்டேன். டிரஸ்ட் பேர்ல வரும்னாங்க. டிரஸ்டி யாருன்னா ஆரம்பிச்ச மூணு பேர். நாள பின்ன ஒரு குடும்பம் வெளிய போகணும்னா போட்ட பணம்? "அப்படி ஒரு நிலைமை வராதுன்னு நம்புறோம்"னாங்க.

டிரஸ்ட்டுக்கு எழுதிட்டா நிலம் டிரஸ்டிங்க கையில, டிரஸ்ட் டீட்ல தனியா எழுதி வெச்சாலொழிய பணம் போட்ட மத்தவங்களுக்கு அதுல பாகம்னு ஒண்ணும் கிடையாது. சரி, 14 பேர் பேர்லயே வாங்கி கூட்டுப் பட்டா போட்டுக்கலாமேன்னா அது அதுக்கு மேல, யாராவது ஒருத்தர் பாகப்பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குப் போனா மொத்த ஊரும் கூடவே போகணும். எங்க பெரியப்பா வீட்டு ஒன்றரை மாவுக்கு பட்டால 11 பேர், அதுல ஒருத்தர் பேச்சு வார்த்தையில இல்ல, இன்னைக்கு வரைக்கும் விக்கவும் முடியல கொல்லைக்கு வேலி போடவும் முடியல. சங்கமா, 1975 சங்கப் பதிவுச் சட்டத்துல பதியலாம், 7 பேர் போதும். உற்பத்தியாளர் கம்பெனின்னா 10 விவசாயிங்க வேணும். எதுல போனாலும் வெளிய போறவங்களுக்கு என்ன கணக்குன்னு மொத நாளே எழுதி வெச்சிடணும். ஆரோவில்ல பாருங்கன்னு அடிக்கடி சொன்னாங்க. அது 1968-ல ஆரம்பிச்சது, 1988-ல பார்லிமெண்ட்ல தனியா சட்டமே போட்டு ஒரு ஃபவுண்டேஷன் கையில குடுத்திருக்கு. நமக்கு எந்த பார்லிமெண்ட் வரப்போகுது?

மூணாம் நாள் காலையில நிலத்தச் சுத்திக் காட்டுனாங்க. சித்தப்பா ஆன்லைன்லேந்து எடுத்த புலப்படத்த, அதாவது நிலத்தோட எல்லை, அளவு காட்டுற சர்வே படத்த, மடிச்சு சட்டப் பையில வெச்சிருந்தார். தெக்கு மூலையில வந்ததும் நின்னுட்டார். அங்க ஒரு வைக்கப்போரு, புதுசு, நேர்த்தியா மேஞ்சு, மேல பனமட்டை போட்டு கட்டியிருக்கு.

"தம்பி, இது யாரு போட்ட போரு?"

"பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் சார், அந்த மூலைய சும்மா பாத்துக்கறார்."

சும்மா பாத்துக்கறவர் இப்படி போர் போட மாட்டார்னு சித்தப்பா என் காதுல சொல்லிட்டு நேரா தெருவுக்கே நடந்துட்டார், நானும் பின்னாடியே ஓடுனேன். அந்த அண்ணன் திண்ணையில உக்கார வெச்சு மோர் குடுத்தார். அவங்க அப்பா காலத்துலேந்து அஞ்சு மா குத்தகைக்குப் பயிர் பண்றாங்களாம், நெல்லு அளந்த சீட்டெல்லாம் டிரங்குப் பெட்டியில இருக்கு. நிலம் கை மாறப் போறதே அவருக்கு டீக்கடையில கேட்டுத்தான் தெரியும். உழுற குத்தகைதாரர நிலத்த வித்துட்டோம்னு சொல்லி எழுப்பிட முடியாது, 1955-லேந்து பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அந்த 20 மாவுல அஞ்சு மா, யோசிச்சுப் பாருங்க. தாலுகா ஆபீஸ் குத்தகைப் பதிவேட்ட போய்ப் பாத்தீங்களான்னு சித்தப்பா கேட்டதுக்கு, அப்படி ஒண்ணு இருக்கான்னு கேட்டாங்க.

இதே கீழத்தஞ்சைப் பக்கம்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா 1981-ல லாஃப்டிங்குற அமைப்ப ஆரம்பிச்சு, உழைக்கிற குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர்னு பொம்பளைங்க பேர்ல வாங்கிக் குடுத்தாங்க. சேந்து நிலம் வாங்குறது இங்க யாருக்கும் புதுசில்ல. இவங்க பளபளன்னு அடிச்சிருக்குற புக்லெட்ல மண்புழு படம் இருக்கு, அந்த அண்ணன் இல்ல.

தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, போர்வெல் போடுறதா இருக்காங்க. தெரியாதது வடிகால். வீடு கட்டப்போற எடம் ரோட்டுக்கு ஒரு முழம் பள்ளம், வடிகால் பக்கத்து வயல் வழியாத்தான் போகணும், அந்த வயல்காரர்கிட்ட இன்னும் பேசல. நவம்பர்ல நாலு நாள் அடை மழை புடிச்சா மண்வீடு என்னாகும்? ஊர்ல பழைய வீடெல்லாம் ஏன் திட்டு மேல இருக்குன்னு சும்மா ஒரு ரவுண்டு வந்து பாத்தாலே தெரியும். நஞ்சையில வீடு கட்ட தனியா அனுமதி வேற வாங்கணும், அதுவும் "ப்ராசஸ்ல இருக்கு".

மூணு நாள் தங்க மட்டும்னா கண்ண மூடிக்கிட்டுப் போங்க, குழந்தைங்களையும் கூட்டிட்டுப் போங்க, 2,400 தகும். 50,000 அட்வான்ஸ், திருப்பித் தரமாட்டாங்க, அத மட்டும் குடுக்காதீங்க. நாங்க குடுக்கல. என் வீட்டுக்காரர் ட்ரெயின்ல மன்னார்குடிலேந்து தஞ்சாவூர் வரைக்கும் என்கூட பேசல, அப்புறம் முறுக்கு வாங்கிக் குடுத்தார்.

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, டிரஸ்ட் டீட் எல்லாத்தையும் வாட்ஸப் குரூப்ல போடுறோம்னு சொல்லி இன்னையோட அஞ்சு வாரம். இதுவரைக்கும் வந்தது ரெண்டு சூரிய உதயம், ஒரு கன்னுக்குட்டி. கன்னுக்குட்டி நல்லா இருக்கு.